கண்ணாடி மேல் சிவப்புக் கோடு

சுத்தியல் மேஜையில் இருக்கிறாரா இல்லையா என்பது மூன்று அறை தள்ளி இருப்பவனுக்கும் தெரியும். மற்றவர்கள் முத்திரை வைப்பார்கள். அவர் முத்திரை அடிப்பார். டம் என்று விழுகிற அடியில் தண்ணீர் டம்ளர் விரற்கடை நகரும், பேனா உருண்டு கீழே போகும். அதனால்தான் ஆஸ்பத்திரி முழுக்க அவருக்குச் சுத்தியல் என்று பெயர். கழுத்தே இல்லாமல் தலையைத் தோளில் தூக்கி வைத்த மாதிரி உடம்பு. பதிவு அறையில் இருபத்தெட்டு வருஷம். எந்தக் கட்டிலுக்கு யார் வந்தார், எப்போது வீட்டுக்குப் போனார், போகாதவர் எப்போது செத்தார் என்று தடித்த பதிவேட்டில் எழுதிக் கையெழுத்துப் போடுவது வேலை. டாக்டரே செத்துவிட்டார் என்று சொன்னாலும், சுத்தியலின் முத்திரை விழுகிற வரைக்கும் அந்த ஆள் செத்த ஆளில்லை.

அந்த அறைக்குக் கம்ப்யூட்டர் வந்தது. கூடவே கண்காணிப்பாளர் சுவரில் ஓர் உத்தரவும் ஒட்டினார். ஆறு வாரம் பயிற்சி, முடிவில் ஒரு பரீட்சை, தேறாதவர்கள் பிண அறை வாசலுக்கு. அங்கே ஒரு முக்காலியும் ஒரு சாவிக்கொத்தும்தான். கதவைத் திற, கதவைச் சாத்து. சுத்தியல் அந்த உத்தரவை மூன்று தடவை படித்தார். சாவை எழுதுகிற ஆள் சாவுக்கு வாட்ச்மேனாகப் போவதா? அந்த மேஜையை விட்டு எழுந்தால் தான் வெறும் தடித்த உடம்புதான் என்பது அவருக்குத் தெரியும்.

அறையில் மூன்று பேர் தடுமாறினார்கள். வயசாச்சு, மூளை துருப்பிடிச்சாச்சு, சோம்பேறிகள் என்று வெளியில் இருந்தவர்கள் சுலபமாகச் சொல்லிவிட்டார்கள். கிட்டத்தில் போய்ப் பார்த்தவன் எவனும் இல்லை. தபால் பிரிக்கிற அம்மாவுக்குத் திரையில் எழுத்தே தெரியவில்லை. கண்ணாடி போட்டால் கிழவி என்பார்களே என்று அதைக் கைப்பையிலேயே வைத்திருந்தாள். மருந்துக் கிடங்குக்காரருக்கு எல்லாம் தெரியும், தெரியாத மாதிரி நடித்தார். எந்த மருந்து எந்த அலமாரியில் என்பது தன் தலைக்குள் இருக்கிற வரைக்கும்தான் தன்னை நாலு பேர் தேடி வருவார்கள், அதை மெஷினுக்குள் கொட்டிவிட்டால் அப்புறம் நாய்கூடத் திரும்பிப் பார்க்காது என்பது அவர் பயம்.

சுத்தியலின் கதை வேறு. ஒரே வாரத்தில் எழுத்துகள் இருக்கும் இடமெல்லாம் அவர் கைக்கு வந்துவிட்டது. ஒரே ஒரு பொத்தானை மட்டும் தொடமாட்டார். அழிக்கிற பொத்தான்.

பயிற்சி கொடுக்க வந்தவர் ஒல்லியான ஆள், சுத்தியலின் வயசுதான் இருக்கும். கையில் எப்போதும் ஒரு அடி நீள இரும்பு ஸ்கேல். திரையில் காட்டுவதற்கு என்பார். மேஜையைத் தட்டுவதும் முதுகைக் குத்துவதும் அதே ஸ்கேலால்தான். ஐந்தாவது வாரம் ஒரு நாள் சுத்தியலின் பின்னால் வந்து நின்றார்.

“தப்பா அடிச்சிருக்கீங்க. அழிங்க.”

“அழிக்க மாட்டேன். கீழே சரியா எழுதறேன்.”

“யோவ், இது நோட்டு இல்லய்யா. அந்தப் பொத்தானை அமுக்கு, போயிடும்.”

“போயிடும்னுதான் அமுக்கல.”

பின்வரிசையில் கிடங்குக்காரர் களுக்கென்று சிரித்தார். பயிற்சிக்காரருக்கு மூக்கு விடைத்தது.

“இருபத்தெட்டு வருஷ சர்வீஸாம்! உன் இடத்துல ஒரு எருமையை உட்கார வெச்சிருந்தா இந்நேரம் அது பரீட்சை எழுதி ஆபீசராகி என்னையே மிரட்டியிருக்கும். அமுக்குய்யா!”

சொல்லிக்கொண்டே ஸ்கேலின் விளிம்பால் விரல் முட்டியில் ஒரு போடு போட்டார். பட்டது வலது கையில், ஏற்கெனவே கோணலாக இருந்த இரண்டு விரல்களிலும்.

அடுத்து நடந்ததைச் சுத்தியல் யோசித்துச் செய்யவில்லை. இடது கை போய்ப் பயிற்சிக்காரரின் பிடரியைப் பிடித்தது. முத்திரை அடிக்கிற அதே வேகத்தில் அவர் முகம் கீபோர்டில் இறங்கியது. டம். பொத்தான் இரண்டு தெறித்துப் போய்ச் சுவரில் பட்டது. மூக்கு எந்த எழுத்தில் பதிந்ததோ, திரை முழுக்க ஒரே எழுத்து வரிவரியாக ஓடிக்கொண்டே இருந்தது. தூக்கினார். மறுபடியும் டம். எழுத்து மாறியது. பொத்தான்களின் இடுக்கில் ரத்தம் இறங்கியது.

“அடேயப்பா, மூக்காலேயே என்ன வேகமா அடிக்கிறார் பாரு மனுஷன்!” என்றார் கிடங்குக்காரர். தபால் அம்மா வீறிட்டாள். நாலு பேர் சேர்ந்து இழுத்துத்தான் சுத்தியலைப் பிரித்தார்கள்.

கண்காணிப்பாளர் இருவரையும் நிற்க வைத்தார். ஒருவருக்கு மூக்கில் பஞ்சு, மற்றவருக்கு விரலில் வீக்கம்.

“ரெண்டு பேரும் புகார் எழுதினா ரெண்டு பேரும் வீட்டுக்குப் போகணும். அதனால வாயை மூடிக்கிட்டுப் போங்க. சுத்தியல், உனக்கு இன்னும் ஒன்பது நாள். திங்கக்கிழமையிலேர்ந்து பதிவேடு கிடையாது, எல்லாம் கம்ப்யூட்டர்தான். அதுல தேறலைன்னா சாவிக்கொத்தை எடுத்துக்கிட்டு நேரா கீழே போயிடு.”

அன்று சாயங்காலம் வீட்டில் மனைவி அவர் விரலைப் பிடித்து வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தாள்.

“என்னங்க இது?”

“கதவு.”

“மறுபடியுமா? ஊர்ல இத்தனை கை இருக்கு, உங்க கையை மட்டும் தேடி வந்து கடிக்குதே அந்தக் கதவு.”

கல்யாணமான புதிதில், அந்த இரண்டு விரலும் ஏன் கோணல், ஏன் நகமே சரியாக முளைக்கவில்லை என்று அவள் கேட்டபோதும் அவர் கதவு என்றுதான் சொன்னார்.

கதவு இல்லை. வேலைக்குச் சேர்ந்து இரண்டாவது மாதம் அது. ஒருவர் செத்த நேரம் எட்டு மணி. சுத்தியல் மூன்று என்று எழுதிவிட்டார். அடுத்த மேஜைக்காரர் பிளேடால் மெதுவாகச் சுரண்டுவதைப் பார்த்திருந்தார். அவரும் சுரண்டி, எட்டு என்று மாற்றினார். அன்றைக்குத் தலைமை எழுத்தராக இருந்தவர் பக்கத்தைத் தூக்கி ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். சுரண்டிய இடம் மெல்லிசாகப் பளிச்சென்றது.

“இங்க வா. கையை டிராயர்ல வை.”

விளையாட்டென்று நினைத்து வைத்தார். தலைமை எழுத்தர் கால் முட்டியால் டிராயரை இடித்துச் சாத்தினார். வேர்க்கடலை ஓடு உடைகிற மாதிரி ஒரு சத்தம். சாத்திய முட்டியை அவர் எடுக்கவில்லை, அழுத்திக்கொண்டே பேசினார். “செத்தவன் நேரத்தைச் சுரண்டறியா? அழிச்சா பொய். புரியுதா? கோடு போடு, கையெழுத்துப் போடு, கீழே சரியா எழுது. அழிக்கிற கை இந்த ரூமுக்கு வேண்டாம்.” ரத்தம் பதிவேட்டில் சொட்டியது. அந்தச் சொட்டைச் சுற்றியும் இடது கையால் சிவப்புக் கோடு போட வைத்து, கையெழுத்தும் வாங்கிக்கொண்டார்.

அதற்குப் பிறகு இருபத்தெட்டு வருஷமும் சுத்தியல் ஒரு எழுத்தை அழித்ததில்லை. தலைமை எழுத்தர் போன பிறகு அந்த மேஜைக்கே இவர் வந்தார். அதே டிராயர். அதில் அவர் பித்தளைப் பிடி போட்ட முத்திரையை வைத்தார். அடிக்கிற ஒவ்வொரு அடியும் யார் மேல் விழுந்தது என்று அவரையே கேட்டாலும் சொல்லத் தெரியாது. அழிக்கிற பொத்தான் மேல் விரல் போனால் மட்டும் அந்தப் பழைய இடத்தில் சுருக்கென்று வலிக்கும், விரல் இறங்காது. இதைப் போய்ப் பரீட்சை வைக்கிறவனிடம் எப்படிச் சொல்வது?

“அந்தப் பிண அறை வாசல்ல போய் நீங்க உட்கார்ந்தா, உங்ககூட ஒரு மாசம்கூட என்னால குப்பை கொட்ட முடியாது” என்றாள் மனைவி, வீக்கத்தில் மருந்து தடவிக்கொண்டே. “வீட்டுக் கதவையே பேத்துடுவீங்க. எப்படியாவது கத்துக்கோங்க.”

திங்கட்கிழமை பகல் பதினொரு மணிக்கு வார்டிலிருந்து சீட்டு வந்தது. நாற்பத்தொன்றாம் கட்டில், இறப்பு. சுத்தியல் பதினான்கு என்று அடித்துவிட்டார். கட்டில் எண்ணைப் போட்டால் பேரை மெஷினே கொண்டுவந்துவிடும். பேர் வந்தது. நேரத்தைப் போட்டு உள்ளே அனுப்பிவிட்டுத்தான் எண்ணைப் பார்த்தார். பதினான்காம் கட்டில்காரர் உயிரோடு இருக்கிற மனுஷர்.

விரல் அந்தப் பொத்தானுக்குப் போனது. மேலே நின்றது. இறங்கவில்லை.

பின்வரிசையில் பயிற்சிக்காரர் மூக்குக் கட்டோடு தபால் அம்மாவுக்கு ஏதோ காட்டிக்கொண்டிருந்தார். அவரைக் கூப்பிடலாம். கூப்பிட்டால் தோற்ற மாதிரி. சுத்தியல் தனக்குத் தெரிந்ததைச் செய்தார். குறிப்பு என்றிருந்த கட்டத்தில் ‘மேலே உள்ளது பிழை, கீழே காண்க’ என்று அடித்தார். கீழே நாற்பத்தொன்றைச் சரியாகப் போட்டார். பிறகு சிவப்புப் பேனாவை எடுத்து, திரைக் கண்ணாடி மேலேயே அந்தத் தப்பான வரிக்கு ஒரு கோடு போட்டு, ஓரத்தில் கையெழுத்தும் வைத்தார். கண்ணாடிக் கோடு மெஷினுக்குள் போகாது என்பது அவருக்குத் தெரியும், அவர் முட்டாள் இல்லை. ஆனால் கோடு போடாமல் அந்த வரியை விட்டு எழுந்திருக்க அவரால் முடியவில்லை. கண்காணிப்பாளரைக் கூட்டி வந்து அவர் கையால் அழிக்கச் சொல்லிவிடலாம் என்று மாடிக்குப் போனார். அங்கே கூட்டம் நடந்துகொண்டிருந்தது. கதவு சாத்தியிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்தார்.

கால் மணிக்கு ஒருமுறை வார்டில் இறந்தவர்கள் லிஸ்ட் பிரிண்ட் ஆகும். அதில் எண்ணும் பேரும்தான் வரும், குறிப்பு வராது.

வார்டில் தள்ளுவண்டி தள்ளுகிறவன் சுத்தியலின் மச்சினன், மனைவியின் தம்பி. லிஸ்டில் இரண்டு பேரைப் பார்த்தான். மாமா எழுதினால் தப்பாக இருக்காது என்று ஆஸ்பத்திரியில் எல்லோரும் நம்பிய மாதிரி அவனும் நம்பினான். நர்ஸ் வேறு கட்டிலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தாள். பதினான்காம் கட்டில் பெரியவர் ஊசி மருந்தில் வாயைப் பிளந்துகொண்டு தூங்கினார். வெளியே நின்ற சொந்தக்காரர்களிடம் மச்சினன் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு சொன்னான்: “பெரியவர் போயிட்டார். கீழே பதிவு அறை ஜன்னல்கிட்ட வந்துடுங்க.”

பெரியவரின் மனைவி ஓடினாள். படியில் கால் தடுக்கி முகம் குப்புற விழுந்தாள். முன் பல் இரண்டும் உடைந்து உதடு கிழிந்தது.

உள்ளே மச்சினன் பெரியவரின் வாயைச் சேர்த்துக் கட்டத் துணியைக் கொண்டுபோனான். பெரியவர் கண்ணைத் திறந்தார். தன் தாடையில் இருந்த கட்டை விரலை நறுக்கென்று கடித்தார். நல்ல பல்.

“மாமா! செத்தவன் கடிச்சிட்டான் மாமா!” என்று கத்திக்கொண்டு மச்சினன் பதிவு அறைக்கு ஓடி வந்தான். அவன் பின்னாலேயே பெரியவரின் மூத்த மகனும் வந்தான், லாரி ஓட்டுகிறவன். கூட இரண்டு தம்பிகள். லாரிக்காரன் கையில், மருந்து பாட்டில் தொங்கவிடுகிற இரும்புக் கம்பம். சட்டையில் அம்மாவின் ரத்தம்.

முதல் வீச்சில் கண்ணாடி ஜன்னல் போனது. இரண்டாவதில் மச்சினன் முழங்கால் மடங்கி விழுந்தான். பயிற்சிக்காரர் “பேசிக்கலாம், பேசிக்கலாம்” என்று எழுந்தார். கம்பம் அவர் தோளில் இறங்கியது. அவர் தவழ்ந்துபோய்ப் பார்த்தபோது மேஜைக்கு அடியில் கிடங்குக்காரர் ஏற்கெனவே இடம் பிடித்திருந்தார். “இங்க இடமில்ல, அடுத்த மேஜைக்குப் போங்க” என்றார் கிடங்குக்காரர்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து சுத்தியல் வந்தார். மச்சினன் தரையில் கிடப்பதைப் பார்த்தார். கேள்வி கேட்கவில்லை. ஒரு தம்பியை இடுப்போடு தூக்கி இரும்பு அலமாரியில் அடித்தார், அலமாரி கதவு உள்ளே குழிந்தது. இன்னொருவன் முதுகில் ஏறிக் காதைக் கடித்தான். அவனோடு சேர்ந்து பின்பக்கமாகச் சுவரில் மோதி அவனை உதிர்த்தார். அதற்குள் கம்பம் அவர் விலாவில் பாய்ந்தது. மூச்சு நின்றது. லாரிக்காரன் அவர் தலைமுடியைக் கொத்தாகப் பிடித்து இழுத்துவந்து திரைக்கு முன்னால் தள்ளினான்.

“இதை எழுதினது யாரு?”

“நான்.”

“எங்கப்பன் மேலே தண்ணி கேட்டுக்கிட்டு உட்கார்ந்திருக்கான். இங்க செத்தவன் வரிசையில இருக்கான். எங்கம்மா வாயில பல்லு இல்ல. அழிடா.”

“கோடு போட்டிருக்கேன்.”

“என்னது?”

“தப்புன்னு கோடு போட்டுக் கையெழுத்து வெச்சிருக்கேன். பாருங்க.”

லாரிக்காரன் குனிந்து பார்த்தான். விரலால் தேய்த்தான். அவன் அப்பாவைக் காப்பாற்றப் போட்ட கோடு அவன் விரலோடு வந்துவிட்டது. சிரிப்பதா கொல்வதா என்று ஒரு கணம் அவனுக்கே தெரியவில்லை. பிறகு சுத்தியலின் தலையை மேஜையில் அடித்தான். புருவம் பிளந்தது.

“அழி!”

“அழிக்கக் கூடாது.”

மறுபடியும் அடித்தான். “உன் மண்டையை எதால உடைச்சா அழிப்பே?” என்று சுற்றும் முற்றும் பார்த்தான். பாதி திறந்திருந்த டிராயரில் பித்தளைப் பிடி தெரிந்தது. முத்திரையை எடுக்கக் கையை உள்ளே விட்டான்.

சுத்தியலின் முட்டி எழுந்தது. யாரும் அதற்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேர்ந்த இரண்டாவது மாதத்திலேயே அது கற்றுக்கொண்டது. டிராயர் மூடிக்கொண்டது.

அதே சத்தம். வேர்க்கடலை ஓடு.

லாரிக்காரன் அலறினான். சுத்தியலின் முட்டி இன்னும் அழுத்திக்கொண்டிருந்தது. எடுக்க வேண்டும் என்று நினைத்தும் அது அழுத்திக்கொண்டிருந்தது. அலறுகிற அந்த வாயைப் பார்த்தார். தன் வாய் அன்றைக்கு இப்படித்தான் இருந்திருக்கும் என்று தோன்றியது. அப்போதுதான் முட்டி இறங்கியது. டிராயரை இழுத்தார். ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வேறு வேறு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தன.

சுத்தியல் நாற்காலியில் உட்கார்ந்தார். கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்தார். கோணல் விரலை அழிக்கிற பொத்தான் மேல் வைத்தார். சுருக்கென்று வலித்தது. வலியோடு அமுக்கினார். பெரியவரின் பேர் கடைசி எழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் குறைந்து, இல்லாமல் போனது. யாரும் வந்து அவர் கையை நசுக்கவில்லை.

“உங்கப்பா உயிரோட இருக்கார்” என்றார். “பாரு.”

லாரிக்காரன் கையை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதான்.

மத்தியானம் அவனுக்கு மாவுக்கட்டுப் போட்டார்கள். ஆஸ்பத்திரிக்குள் காயம் பட்டால் அதையும் பதிய வேண்டும், காரணத்தோடு. கண்காணிப்பாளர் சுத்தியலின் பின்னால் வந்து நின்று குரலைத் தாழ்த்தினார்.

“கதவுன்னு போடு. கம்பத்தோட அவங்கதான் உள்ளே வந்தாங்க. கேஸ் வேண்டாம்னு அவங்களும் ஒத்துக்கிட்டாங்க. நீ தப்பிச்சே. பரீட்சையும் தேறிடுவே, இப்பதான் அழிக்கவே கத்துக்கிட்டியே.”

சுத்தியல் அடித்தார். வலது கை, இரண்டு விரல் முறிவு. காரணம்: கதவு.

அந்தச் சொல்லையே பார்த்துக்கொண்டிருந்தார். மனைவியிடம் இத்தனை வருஷம் சொன்ன சொல். பிறகு அழிக்கிற பொத்தானை அமுக்கினார். கதவு போனது. அந்த இடத்தில், ‘பதிவு எழுத்தர் தம் மேஜை டிராயரை வேண்டுமென்றே முட்டியால் சாத்தினார்’ என்று ஒரு பிழை இல்லாமல் அடித்து உள்ளே அனுப்பினார்.

“யோவ்! என்னய்யா பண்ணினே? அழிய்யா அதை!”

“அழிச்சுட்டேன் சார். கதவை.”

டிராயரிலிருந்து முத்திரையை எடுத்து மேஜை மேல் வைத்துவிட்டு எழுந்தார். அன்று வீட்டில் மனைவி தையல் போட்ட புருவத்தைப் பார்த்துவிட்டு, “கதவுதானே?” என்றாள். இல்லை என்றார். முதல் டிராயரிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னார். அவள் கேட்டு முடித்தாள். பிறகு, “அந்தத் தலைமை எழுத்தர் இப்ப இருக்கானா?” என்றாள். செத்துவிட்டார், நான்தான் பதிந்தேன் என்றார். “முத்திரையை ஓங்கி அடிச்சீங்களா?” என்று கேட்டாள்.

அந்த வாரக் கடைசியில் சுத்தியல் பிண அறை வாசலில் முக்காலியில் உட்கார்ந்திருந்தார். பரீட்சைக்கு அவரை யாரும் கூப்பிடவில்லை. மச்சினன் நொண்டிக்கொண்டே வண்டி தள்ளி வருவான், இவர் கதவைத் திறப்பார், சாத்துவார். பத்து மணிக்கு லாரிக்காரன் வந்தான். வலது கையில் கட்டு. பின்னால் சக்கர நாற்காலியில் அவன் அப்பா, பக்கத்தில் உதடு தைத்த அம்மா. வீட்டுக்குப் போகிறார்கள்.

சுத்தியல் எழுந்து நின்றார். சாவிக்கொத்தை முக்காலியில் வைத்தார்.

லாரிக்காரன் இடது கையால் ஓங்கி ஒரு அறை விட்டான். புருவத்தில் ஒரு தையல் விட்டுக்கொண்டது. சுத்தியல் கையைத் தூக்கவில்லை.

“இதையும் எழுதி வெச்சுக்கோ” என்றான் லாரிக்காரன்.

“எழுதற மேஜை போயிடுச்சு தம்பி.”

லாரிக்காரன் அவரைப் பார்த்தான். அவருடைய கோணல் விரல்களைப் பார்த்தான். தன் மாவுக்கட்டையும் பார்த்தான். அப்பாவின் நாற்காலியை ஒற்றைக் கையால் தள்ளிக்கொண்டு போனான். அது வலப்பக்கமாகவே இழுத்துக்கொண்டு போயிற்று. சுத்தியல் கண்ணில் இறங்கிய ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, அடுத்த வண்டிக்குக் கதவைத் திறந்தார்.